மறைத்த கணக்கும் மறையாத குற்றமும்

ஓர் அரசாங்கத்தின் உள்ளக்கிடக்கையை அறிய விரும்புவோர் அதன் மேடைப் பேச்சுகளைக் கேட்க வேண்டுவதில்லை. அஃது எவற்றை எண்ணிக் கணக்கெழுதுகிறது, எழுதிய கணக்கில் எதனைக் குடிமக்கள் முன் விரிக்கிறது, எதனைப் பெட்டியிலிட்டுப் பூட்டுகிறது என்னும் மூன்றையும் ஆராய்ந்தாலே போதும். இத்தீவில் ஆங்கிலேயர் கொடி பறந்த நாளில் துறைமுகத்தில் ஏறிய ஈயமும் ரப்பரும் எத்தனை, அபினியால் வந்த வரும்படி எத்தனை என்பவையெல்லாம் ஆண்டுதோறும் அச்சேறின. பொருளின்மேல் வைத்த இக்கருத்தைச் சிறு குழந்தைகளின் உடலுக்கு நேரும் கேட்டின்மேலும் மனிதர் வைத்தனரா என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட வினா. குழந்தைகள்மீது நிகழும் பாலியல் குற்றங்களைப் பற்றிப் போலீஸார் எழுதி வைக்கும் கணக்கு யாருக்கு உரியது? அதனைக் காணும் உரிமை பொதுமக்களுக்கு உண்டா, இல்லையா? இதற்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டுவதில்லை. நம்மவர் வரலாறும் நம் அண்டை நாட்டு வரலாறுமே விடை தருகின்றன.

டோபி காட் என்னும் பெயர் இன்று சிங்கப்பூர்வாசிகளுக்கு ஒரு ரயில் நிலையத்தின் பெயராகவே தோன்றும். டோபி என்பது வெளுப்பவரையும், காட் என்பது படித்துறையையும் குறிக்கும் இந்துஸ்தானிச் சொற்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர், ஃபோர்ட் கானிங் குன்றின் அடியில் ஓடிய பிராஸ் பாசா ஓடையில் ஊரார் துணியை வெளுத்து, அருகிருந்த புல்வெளியில் உலர்த்தினர். அவர்தம் தொழில் எல்லோரும் காண வெட்டவெளியில் நடந்தது. ஆயினும், அழுக்கை நீக்கியவனைத் தாழ்ந்தவன் என்றும், அழுக்கை உண்டாக்கியவனை உயர்ந்தவன் என்றும் முறை வகுத்த சமூகம் நம்முடையது. அம்முறையின் நிழல் இன்னும் நம்மை விட்டு அகலவில்லை. வீட்டினுள் ஒரு குழந்தைக்கு நேர்ந்த தீங்கை எடுத்துச் சொல்லுகிறவர் குடும்ப மானத்தைக் கெடுப்பவர் என்று தூற்றப்படுகிறார். தீங்கிழைத்தவனை மூடி மறைப்பவரோ குலத்தைக் காத்தவர் என்று போற்றப்படுகிறார்.

அதே குன்றின் அடிவாரத்தில், கானிங் ரைஸ் என்னுமிடத்தில், இன்று தேசிய ஆவணக் காப்பகம் நிற்கிறது. பழைய அரசாங்கத்தின் காகிதக் குவியலை, முறைப்படி கேட்பவர் எவரும் படிக்கலாம். நூறாண்டுக்கு முன் நடந்ததை அறிய இத்துணை வழி இருக்கும்போது, சென்ற ஆண்டில் நடந்ததை அறிய வழி வேண்டாமா என்று கேட்பது நியாயமே.

நிற்க. எண்ணிக்கை என்னும் கருவி குழந்தைகளுக்கு எவ்வாறு துணை நின்றது என்பதை முதலிற் பார்ப்போம்.

1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம், பெண்ணின் சம்மத வயதைப் பத்தென்று வகுத்தது. சிங்கப்பூரில் 1872இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டமும் அதனை அடியொற்றியதே. 1890இல் கல்கத்தாவில் ஃபுல்மணி என்னும் சிறுமி, பத்துப் பதினொரு வயதில், தன்னினும் மிக மூத்த கணவனால் உடல் சிதைந்து இறந்தாள். சட்டம் சொன்ன பத்து வயதை அவள் கடந்திருந்தமையால் அவன்மீது பெருங்குற்றம் சாரவில்லை. சிறியதொரு குற்றத்திற்காக ஓராண்டுத் தண்டனையோடு தப்பினான். அப்பொழுது வைதிகர் சொன்னது என்ன? இஃது எங்கோ நேர்ந்த ஒரு விபத்து, இதற்காகச் சாஸ்திரத்தில் கை வைப்பதா என்றனர். திலகர் போன்ற தேசத் தலைவருங்கூட, அன்னிய அரசு நம் வழக்கத்தில் தலையிடலாகாது என்று எதிர்த்தனர். பெண் மருத்துவர் பலர், தாம் மருத்துவமனையிற் கண்ட இத்தகைய சிறுமியரைப் பற்றி ஒரு பட்டியல் வகுத்து அரசப் பிரதிநிதிக்கு விண்ணப்பித்தனர். அப்பட்டியல் வந்தபின் ஒன்றே ஒன்று என்னும் வாதம் நிற்கவில்லை. 1891இல் சம்மத வயது பன்னிரண்டாக உயர்ந்தது. பன்னிரண்டும் குழந்தைப் பருவமே என்பது உண்மை; எனினும், கண்ணீர் செய்ய மாட்டாததைக் கணக்குச் செய்தது என்பதை மறுப்பதற்கில்லை.

இதனினும் பெரிய சான்று குழந்தை விதவைகளின் கணக்கு. 1921ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கிலிருந்து லாகூர் சர் கங்காராம் திரட்டிய எண்களைக் காந்தியார் 1926இல் தம் பத்திரிகையில் வெளியிட்டார். இந்தியாவில் ஐந்து வயதிற்குட்பட்ட இந்து விதவைகள் 11,892. ஐந்து முதல் பத்து வயதுடையோர் 85,037. பத்து முதல் பதினைந்து வயதுடையோர் 2,32,147. மூன்றும் கூடி 3,29,076. பால் மணம் மாறாத வாயுடன் தாலியறுத்த குழந்தைகள் பதினோராயிரத்துக்கு மேல்! இவ்வெண்கள் அச்சிலேறும் வரையில், குழந்தை மணம் எங்கோ சில குடும்பங்களில் மட்டும் நடப்பது என்று சொல்லி மழுப்ப முடிந்தது. அச்சிலேறிய பின்னர் முடியவில்லை. சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவதை எதிர்த்து வாதிட்டதும், 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணின் மண வயதைப் பற்றித் தீர்மானித்ததும், அதே ஆண்டிற் சாரதா சட்டம் பெண்ணிற்கு 14 வயதும் ஆணிற்கு 18 வயதும் வேண்டுமென விதித்ததும் இக்காலத்தனவே. சீர்திருத்தக்காரர் கையில் அந்நாளில் வாளில்லை, பதவியில்லை, கணக்கு இருந்தது. அக்கணக்கைச் சர்க்கார் அச்சிட்டு வெளியிட்டமையால் இருந்தது. ஜனத்தொகைக் கணக்கு இரகசியமென்று அன்று பூட்டப்பட்டிருந்தால், அச்சீர்திருத்தம் இன்னும் எத்தனை ஆண்டு பின்தங்கியிருக்குமோ யார் சொல்வார்?

இனி இத்தீவுக்கு வருவோம். வறிய சீனப் பெற்றோர் பணம் பெற்றுக்கொண்டு பிறர் வீட்டிற்கு ஊழியத்திற்கு ஒப்புவித்த சிறுமியருக்கு மூய் சாய் என்று பெயர். கூலி இல்லை, வெளியேறும் உரிமை இல்லை, வீட்டு ஆடவரிடமிருந்து காப்பாரும் இல்லை. பல்லாண்டுக் கிளர்ச்சிக்குப் பின் 1932இல் நீரிணைக் குடியேற்ற நாடுகளில் ஒரு சட்டம் பிறந்தது. இனி எவரும் மூய் சாய் வாங்கலாகாது, இருப்பவரைப் பதிவு செய்து கூலி கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். பதிவேடு ஒன்று திறக்கப்பட்டது, எண்ணிக்கை கிடைத்தது. ஆனால் அவ்வெண்ணிக்கையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மூய் சாய் என்று எழுதிக் கொடுத்தவரே கணக்கில் வந்தனர். அதே நிலையிலிருந்த சிறுமியை ‘வளர்ப்பு மகள்’ என்று சொல்லிவிட்டால் அவள் கணக்கிலும் இல்லை, சட்டத்தின் காவலிலும் இல்லை.

1936இல் ஆங்கில அரசு சர் வில்ஃபிரிட் வுட்ஸ் தலைமையில் மூவர் கமிஷன் ஒன்றை அமைத்து ஹாங்காங்குக்கும் மலாயாவுக்கும் அனுப்பியது. 1937இல் அறிக்கை வெளிவந்தது. இருவர் ஒரு பக்கம் நின்று, இருக்கும் முறையைச் செப்பனிட்டால் போதும் என்றனர். மூன்றாமவரான எடித் பிக்டன் டர்பர்வில் அம்மையார் தனி அறிக்கை எழுதினார். பெயர் எதுவாயினும், பெற்றோரிடமிருந்து கைமாறிய சிறுமியர் அனைவரையும் காவலுக்குட்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. இரண்டு கருத்தும் ஒருசேர அச்சேறியமையால், படித்தவர் ஒப்புநோக்கித் தீர்மானிக்க முடிந்தது. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் இரண்டு. கணக்கு வேண்டும் என்பது ஒன்று. யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள் என்பதைப் பொதுமக்கள் சோதித்துப் பார்க்கும் வகையில் அக்கணக்கு திறந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

இதுகாறும் கூறியவை பழங்கதை என்று கருதுவோருக்கு, பாலத்திற்கு அப்பால் 2016இல் நடந்ததைச் சொல்வோம்.

அவ்வாண்டு ஜூன் மாதம் லண்டன் நீதிஸ்தலம் ஒன்று ஆங்கிலேயன் ஒருவனுக்கு 22 ஆயுள் தண்டனை விதித்தது. அவன் பல ஆண்டுகளாக மலேசியாவில், பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளைக் கெடுத்து வந்தவன்; 71 குற்றங்களை ஒப்புக்கொண்டான். ஆறாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஒரு கோர்ட்டு எடுத்துச் சொன்ன பின்னரே, தம் தெருவில் நடந்தது மலேசிய மக்களுக்குத் தெரிந்தது. அப்படியாயின் அந்நாட்டிலேயே பதிவான புகார்கள் எத்தனை என்ற கேள்வி எழுந்தது. விடை பொதுமக்கள் கைக்கு எட்டவில்லை. அவ்வாண்டு நவம்பரில் ராய்ட்டர் செய்தி நிறுவனம், போலீஸ் இலாகா திரட்டியிருந்த கணக்கைப் பார்த்து எழுதியது. அக்கணக்கு அரசாங்க இரகசியச் சட்டத்தின் காவலில் இருப்பதென்றும், சட்டசபை உறுப்பினர் எவரேனும் கேட்டால் மட்டுமே கொடுக்கப்படுவதென்றும் அச்செய்தி தெரிவித்தது.

பூட்டியிருந்த பெட்டிக்குள் இருந்தது என்ன? 2012 ஜனவரி முதல் 2016 ஜூலை வரையில் போலீஸாரிடம் வந்த குழந்தைப் பாலியல் குற்றப் புகார்கள் 12,987. வழக்குத் தொடரப்பட்டவை 2,189. தண்டனையில் முடிந்தவை 140. வாசகர்கள் இம்மூன்று எண்களையும் மீண்டும் ஒரு முறை படிக்க வேண்டுகிறோம். நூறு குழந்தைகளின் புகாரில் ஏறக்குறைய பதினேழே நீதிஸ்தலத்தின் வாயிலை மிதித்தன. குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தது நூற்றுக்கு ஒன்றில். சில வழக்குகள் அப்பொழுது முடிவுறாதிருந்திருக்கலாம். சில புகார்களுக்குச் சான்று போதாதிருந்திருக்கலாம். ஆனால், மற்றவை என்னவாயின என்பதை அக்கணக்கும் சொல்லவில்லை. போர்க்கப்பலின் இருப்பிடத்தையும் கோட்டையின் வரைபடத்தையும் பகைவரிடமிருந்து மறைப்பதற்குப் பிறந்தது இரகசியச் சட்டம். ஏழு வயதுக் குழந்தையின் புகார் என்னவாயிற்று என்பதை அக்குழந்தையின் ஊராரிடமிருந்து மறைப்பதற்கு அதனைப் பயன்படுத்துவது எவ்வகை நீதி? இங்கே பகைவர் யார்?

எண்கள் வெளிவந்தபின் மூடி மறைக்க இடமில்லாது போயிற்று. லண்டன் வழக்கு மூட்டிய சினமும் இவ்வெண்கள் தந்த அதிர்ச்சியும் ஒன்றுசேர்ந்தன. 2017இல் மலேசியப் பாராளுமன்றம் குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கென்றே தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அவ்வாண்டே புத்ராஜெயாவில் அவ்வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றமும் திறக்கப்பட்டது. 1891இலும் 1929இலும் கண்ட வழியே இது. முதலில் ஒரு கொடுமை, அடுத்து ஒரு கணக்கு, அதன்பின் ஒரு சட்டம். நடுவிலுள்ள படியை எடுத்துவிட்டால் கொடுமைக்கும் சட்டத்திற்கும் இடையே பாலமில்லை.

சிங்கப்பூரின் நிலை மலேசியாவின் நிலையன்று. இங்குப் போலீஸார் மானபங்கக் குற்றங்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுகின்றனர். குழந்தைகளைப் பற்றிய விவரங்கள் பாராளுமன்றத்தில் உறுப்பினர் கேட்கும் கேள்விகளுக்கு விடையாக அவ்வப்போது வெளிவருகின்றன. 2020இல் தண்டனைச் சட்டத்தின் பெருந்திருத்தங்கள் நடைமுறைக்கு வந்து, பதினான்கு வயதிற்குட்பட்டோர்மீது குற்றமிழைப்பவருக்கு இருமடங்கு வரையில் தண்டனை விதிக்க இடமளித்தன. 2025இல் பாலியல் குற்றங்களுக்கும் குடும்ப வன்முறைக்குமெனப் போலீஸில் தனிப் பிரிவும் அமைந்தது. இவற்றையெல்லாம் நாம் மனமுவந்து வரவேற்கிறோம். ஆயினும், தகவல் பெறும் உரிமைச் சட்டம் என ஒன்று இந்நாட்டில் இல்லை. உறுப்பினர் கேட்டால் வரும், கேளாவிடில் வாராது. கேட்பவர் மனத்தைப் பொறுத்து வரும் கணக்கு தானமேயன்றி உரிமையன்று.

இந்தியாவிலோ 2005 முதல் தகவல் உரிமைச் சட்டம் உண்டு. குற்றங்களின் ஆண்டுக் கணக்கு 1953 முதல் வெளிவருகிறது. 2022இல் குழந்தைகளுக்கெதிராகப் பதிவான குற்றங்கள் 1,62,449 என்றும், அவற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது போக்சோ சட்டத்தின்பாற்பட்டவை என்றும் எவரும் படித்தறியலாம். குற்றமிழைத்தவர் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர் என்பதையும் அக்கணக்கே காட்டுகிறது. இவ்வொரு செய்தியின் பயனை எண்ணிப் பாருங்கள். அன்னியனைக் கண்டு அஞ்சு என்று குழந்தைக்குச் சொல்லிவிட்டு, மாமன், அண்டை வீட்டான், ஆசிரியன், பூசாரி என்று வருகிறவனுக்குக் கதவைத் திறந்து வைக்கும் நம் பேதைமையை அது சுட்டுகிறது. ஆனால் அங்கும் குறை உண்டு. 2023ஆம் ஆண்டின் கணக்கு 2025 செப்டம்பரிற்றான் வெளிவந்தது. இரண்டாண்டு தாமதித்து வரும் கணக்கு நடந்ததை அறிய உதவுமேயன்றி, நடப்பதைத் தடுக்க முழுவதும் உதவாது.

இனி, வெளியிடலாகாது என்போர் கூறும் காரணங்களைப் பரிசீலிப்போம்.

குழந்தையின் மானம் போய்விடும் என்பது முதற்காரணம். எண் வேறு, பெயர் வேறு என்பதை இவர் அறியாரா? குழந்தையின் பெயர், வீடு, பள்ளி ஆகியவற்றை வெளியிடுவது குற்றம். அதனைத் தடுக்கும் சட்டம் இங்கும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. அது நன்கு காக்கப்படவும் வேண்டும். எண்ணிக்கை மிகச் சிறிதாய் இருக்கும் ஊர்களை ஒன்று சேர்த்து எழுதினால் அடையாளம் வெளிப்படாது. அன்றியும், மானம் போனது யாருக்கு? நம் மொழியே இதில் தவறிழைத்திருக்கிறது. ‘கற்பழிப்பு’ என்னும் சொல்லை நெடுங்காலம் எழுதி வந்தோம். குற்றம் அவனுடையதாக இருக்க, அழிந்தது அவளுடைய கற்பு என்று தீர்ப்பளித்தது அச்சொல். சிறுவர்களுக்கும் இத்தீங்கு நேரும் என்பதையே அஃது அறியாது. பாலியல் வன்கொடுமை என்று இன்று எழுதுகிறோம். சொல் திருந்தியது போல் உள்ளமும் திருந்தினால் இக்காரணம் தானே உதிரும்.

சமூகத்திற்கு இழுக்கு என்பது இரண்டாவது. இதன் விளைவை இங்கிலாந்தில் ராதர்ஹாம் நகரம் கண்டது. 1997 முதல் 2013 வரையில் அந்நகரில் ஏறக்குறைய 1,400 குழந்தைகள் கெடுக்கப்பட்டனர் என்று 2014இல் வெளியான அலெக்சிஸ் ஜே அம்மையாரின் அறிக்கை மதிப்பிட்டது. இனப் பூசல் எழுமோ என்ற அச்சத்தால் சிலர் வாய் திறவாதிருந்ததையும் அவ்வறிக்கை எடுத்துக் காட்டியது. மறைத்ததால் பூசல் குறைந்ததா? பன்மடங்கு பெருகிற்று. அரைகுறைச் செய்தியும் வதந்தியுமே ஓர் இனத்தார்மேல் பழி சுமத்த ஏற்றவை. முழுக் கணக்கு எல்லா இனத்திலும் எல்லா மதத்திலும் இக்குற்றம் உண்டு என்பதைக் காட்டி அப்பழியைத் துடைக்கும்.

எண்ணிக்கை கூடினால் மக்கள் பீதியடைவர் என்பது மூன்றாவது. புகார் கூடுவது எப்பொழுதும் குற்றம் கூடுவதன் அடையாளமன்று. சொன்னால் கேட்பார் உண்டு என்ற நம்பிக்கை கூடுவதன் அடையாளமாகவும் இருக்கலாம். புகாரே இல்லாத ஊர்தான் நமக்கு அச்சம் தர வேண்டிய ஊர். இதனை மக்களுக்கு விளக்கிச் சொல்லுவது அரசினர்க்கும் பத்திரிகைகளுக்கும் உள்ள கடமை. விளக்குவதற்குச் சோம்பி மறைப்பது கடமையன்று.

ஆதலின் நாம் கேட்பது இது. குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களைப் பற்றி வந்த புகார் எத்தனை, வழக்கானவை எத்தனை, தண்டனை பெற்றவை எத்தனை, வழக்காகாதவை எக்காரணத்தால் ஆகவில்லை, வழக்கு முடியச் சென்ற காலம் எவ்வளவு, குழந்தையின் வயதும் பாலும் யாவை, குற்றவாளி குழந்தைக்கு என்ன முறை என்பவற்றை எவரும் கேளாமலே ஆண்டுதோறும் குறித்த நாளில் வெளியிட வேண்டும். எண்ணும் முறை மாறினால் மாறியதையும் சொல்ல வேண்டும். இல்லையேல் மூய் சாய் பதிவேட்டின் ஓட்டை மீண்டும் திறக்கும்.

அரசினரை மட்டும் கேட்டு நிற்பதும் முறையன்று. 1930களில் இத்தீவில் தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் நம்மவர் குறைகளை நம்மவர் முன்னே எடுத்துரைக்க அஞ்சவில்லை. அவ்வழியினராகிய நாம், நம் சங்கங்களிலும் பள்ளிகளிலும் ஆலயங்களிலும் வரும் புகாரை ‘நமக்குள்ளேயே முடித்துக்கொள்வோம்’ என்று அமுக்குவதை இன்றே நிறுத்த வேண்டும். அவ்வாறு அமுக்கப்பட்ட புகார் எந்தப் போலீஸ் கணக்கிலும் ஏறாது. ஏறாத கணக்கை எந்தச் சட்டமும் வெளியிடவும் முடியாது. பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டனர் என்று சொல்லப்படும் ஒவ்வொரு விவகாரத்திலும், முடிந்தது பெரியவர்களின் சங்கடமே. அக்குழந்தைக்கு ஒன்றும் முடிவதில்லை.

ஒரு குழந்தை நடுங்கிய குரலில் நடந்ததைச் சொல்லத் துணிந்தபின், அச்சொல் என்னவாயிற்று என்று கேட்கும் பொறுப்பு அக்குழந்தைக்கில்லை; அது நமக்கே உண்டு. தோழர்களே, உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இக்கணக்கைக் கேளுங்கள். ஆண்டுதோறும் கேளுங்கள்.